மயக்கம் தெளிந்த பிறகு: ஜோசப் லிஸ்டரின் வாழ்வும் பணியும்

அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பிள்ளை கண் விழித்துவிட்டதா என்பதே அது. விழித்துவிட்டது என்று தாதி சொன்னவுடன் அவர்களுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைத்துக் கொள்கிறார்கள்.

ஆனால் மருத்துவ வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. மயக்கத்தில் இருந்து நலமாக விழித்த பிள்ளைகள், நான்கைந்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டு, காயத்தில் சீழ் வைத்து இறந்துபோன காலம் ஒன்று இருந்தது. வலியை வென்றுவிட்டோம் என்று உலகம் மகிழ்ந்த அதே காலம்தான் அது. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் இருந்த மரணத்தைக் கண்டு, அதைத் தடுப்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜோசப் லிஸ்டர். வாய் கொப்பளிக்கும் லிஸ்டரின் புட்டியில் நாம் தினமும் பார்ப்பது அவருடைய பெயரைத்தான். பெயரைப் பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு மனிதரைத் தெரியும்?

பிறப்பும் கல்வியும்

லிஸ்டர் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள அப்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று லண்டன் மாநகரத்திற்குள் அடங்கிவிட்டது. அவருடைய பெற்றோர் குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, எளிய பேச்சு, உண்மை தவறாமை ஆகியவை அப்பிரிவினரின் அடையாளங்கள்.

தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் தொழிலால் திராட்சை மது வணிகர். ஆனால் அவருடைய மனம் நுண்ணோக்கியில் இருந்தது. அக்காலத்து நுண்ணோக்கிகளில் பொருளைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றிப் பார்வையை மங்கச் செய்யும். அக்குறையை நீக்கும் வில்லைகளை அமைத்ததற்காக அரச கழகத்தின் உறுப்பினராகும் பெருமை அவருக்குக் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்பதைச் சிறுவன் லிஸ்டர் பாடநூலில் படிக்கும் முன்பே வீட்டில் கண்டுகொண்டான்.

குவேக்கர்களுக்கு அன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் பட்டம் கிடைக்காது. ஆகவே சமயப் பாகுபாடு பார்க்காத லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவர் சேர்ந்தார். இளமை எளிதாக இருக்கவில்லை. அண்ணன் ஜான் 1846இல் மூளைக் கட்டியால் இறந்தார். அதற்குப் பின் லிஸ்டரையே பெரியம்மை தாக்கியது. மனச் சோர்வு மிகுந்து, படிப்பைச் சில காலம் நிறுத்தி வைக்கவும் நேர்ந்தது. பிறகு மீண்டு வந்து 1852இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

வலி ஒழிந்த நாள்

1846ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் லிஸ்டர் படித்த கல்லூரியின் மருத்துவமனையில் ஓர் அறுவை நடந்தது. அறுத்தவர் பெயர் ராபர்ட் லிஸ்டன். பெயர் ஒத்திருந்தாலும் இவர் வேறொருவர். வேகத்திற்குப் பெயர் பெற்ற அறுவை மருத்துவர் அவர். அன்று அவர் ஒரு நோயாளிக்கு ஈதர் என்ற ஆவியை முகரச் செய்து, ஏறத்தாழ அரை நிமிடத்தில் காலைத் துண்டித்தார். நோயாளி கதறவில்லை. அந்த அறையில் கூடியிருந்த மாணவர்களுள் பத்தொன்பது வயது லிஸ்டரும் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோபார்மைப் பயன்படுத்திக் காட்டினார்.

அதற்கு முன் நோயாளியை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. மயக்க மருந்து வந்தபின் அந்த அவசரம் தேவையற்றுப் போனது. மருத்துவர் நிதானமாக அறுக்கலாம், உடலுக்குள் ஆழமாகச் செல்லலாம், முன்பு தொடத் துணியாத நோய்களையும் தொடலாம். அறுவைகளின் எண்ணிக்கை பெருகியது.

ஆனால் கத்தியும் கையும் பழையபடியே இருந்தன. இரத்தக் கறை படிந்து விறைத்துப்போன மேலங்கியையே மருத்துவர்கள் அணிந்தனர். ஒருவருடைய புண்ணைத் தொட்ட கை, கழுவாமலே அடுத்தவருடைய புண்ணைத் தொட்டது. சீழ் பிடிப்பது காயம் ஆறுவதில் ஒரு படிதான் என்று பலர் நம்பினர். கெட்ட காற்றினால் புண் அழுகுகிறது என்பதே அன்றைய விளக்கம். வலியில்லாமல் அதிக நேரம் திறந்திருந்த காயங்கள் கிருமிகளுக்கு அதிக நேரம் திறந்திருந்த கதவுகளாயின.

குளோரோபார்மைத் தந்த சிம்ப்சனே பின்னாளில் இதற்கான கணக்கைத் திரட்டி 1869இல் வெளியிட்டார். பெரிய மருத்துவமனைகளில் கை கால் துண்டிக்கப்பட்ட 2089 பேரில் 855 பேர் இறந்திருந்தனர். நாட்டுப்புறங்களில் அதே சிகிச்சை பெற்ற 2098 பேரில் இறந்தவர்கள் 226 பேர் மட்டுமே. மருத்துவமனைக்குள் ஏதோ ஒன்று கொல்கிறது என்பது இந்த எண்களில் இருந்து விளங்கும். அது என்ன என்பதுதான் கேள்வி.

தவளையின் காலும் குளோரோபார்ம் துணியும்

லிஸ்டர் 1853இல் எடின்பரோ சென்று ஜேம்ஸ் சைம் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவரிடம் பயிற்சி பெற்றார். சைமின் மகள் ஏக்னஸை 1856இல் மணந்தார். அதற்காகக் குவேக்கர் சபையை விட்டு விலகவும் செய்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஏக்னஸ் கணவருடைய ஆய்வுத் துணையாகவே வாழ்ந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய ஆய்வுக் குறிப்பேடுகள் பல.

அக்காலத்தில் லிஸ்டர் தவளைக் காலின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, அழற்சி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்தார். புண் கெடுவதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், புண்ணில் முதலில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

மயக்க மருந்தைப் பற்றியும் அவர் ஆழ்ந்து சிந்தித்தவர். அந்த மருந்துக்கு முதலில் பலியானதாகப் பதிவாகியிருப்பது ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி. 1848 ஜனவரியில் நியூகாசில் அருகே கால் விரல் நகத்தை எடுக்கும் சிறு சிகிச்சையின்போது குளோரோபார்ம் கொடுக்கப்பட்டு அவள் இறந்தாள். இத்தகைய சாவுகளால் மருத்துவ உலகம் கலங்கியிருந்தது. 1861இல் வெளிவந்த ஓர் அறுவை மருத்துவப் பெருநூலுக்கு மயக்க மருந்துகள் பற்றிய கட்டுரையை எழுதியவர் லிஸ்டரே. மடித்த துணியில் மருந்தைத் தெளித்துக் கொடுக்கலாம், நாடியைவிட மூச்சைக் கவனிக்க வேண்டும், மூச்சு தடைப்பட்டால் நாக்கை முன்னே இழுக்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். மூச்சைக் கவனி என்ற பாடம் இன்றும் செல்லும். ஆனால் மூச்சு சீராக இருந்தாலே போதும் என்று நம்பியது சரியன்று. குளோரோபார்ம் இதயத்தையே நேரடியாக நிறுத்தக்கூடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. பெரியவர்களும் எல்லாவற்றையும் அறிந்தவர்கள் அல்லர் என்பதற்கு இது சான்று.

பதினொரு வயதுச் சிறுவன்

1860இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் லிஸ்டரை அறுவை மருத்துவப் பேராசிரியராக்கியது. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். தொழிற்சாலைகளும் வண்டிகளும் நிறைந்த நகரம் அது. எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரியும் காயங்களோடு தொழிலாளர்களும் சிறுவர்களும் வந்தவண்ணம் இருந்தனர். தோல் கிழியாத முறிவு தானாக ஆறிவிடும். தோல் கிழிந்த முறிவோ அழுகும். வேறுபாடு தோலில்தான் என்றால், வெளியிலிருந்து ஏதோ உள்ளே நுழைகிறது என்றுதானே பொருள்?

1865இல் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டரின் ஆய்வுகளை லிஸ்டருக்குச் சுட்டிக் காட்டினார். பால் புளிப்பதற்கும் பொருள்கள் அழுகுவதற்கும் காற்று காரணமன்று, காற்றில் கலந்துள்ள நுண்ணுயிர்களே காரணம் என்று பாஸ்டர் மெய்ப்பித்திருந்தார். லிஸ்டருக்கு வழி தெரிந்தது. காயத்தைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்ல முடியாது. வேதிப்பொருளால் கொல்லலாம். கார்லைல் நகரில் கழிவு நீரின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதை அவர் கேள்விப்பட்டிருந்தார். அதையே எடுத்துக் கொண்டார்.

அவ்வாண்டு மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவனைத் தூக்கி வந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறி அவனுடைய இடக்கால் எலும்பு முறிந்து, புண்ணும் ஏற்பட்டிருந்தது. வழக்கப்படி காலைத் துண்டிப்பதே அன்று பாதுகாப்பான வழி. லிஸ்டர் அப்படிச் செய்யவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் வைத்து, எலும்பை நேராக்கிக் கட்டினார். நான்கு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தார். அழுகல் நாற்றமும் இல்லை, சீழும் இல்லை. அமிலத்தால் தோல் சற்றே சிவந்திருந்தது. மருந்தின் கடுமையைக் குறைத்துத் தொடர்ந்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. சிறுவன் தன் இரண்டு கால்களோடு வீடு திரும்பினான்.

1867இல் இத்தகைய பதினொரு நோயாளிகளின் விவரத்தை லான்செட் இதழில் வெளியிட்டார். ஒன்பது பேர் குணமாயினர். ஒருவர் உறுப்பை இழந்தார், ஒருவர் இறந்தார். தோல்விகளையும் அவர் மறைக்கவில்லை. அதே ஆண்டு அவருடைய தமக்கை இசபெல்லாவுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. தம் வீட்டிலேயே, குளோரோபார்ம் மயக்கத்தில், தம் கையாலேயே லிஸ்டர் அறுவை செய்தார். காயம் அழுகாமல் ஆறியது. தமக்கை மேலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்.

எதிர்ப்பும் ஏற்பும்

லிஸ்டர் தம் வார்டுகளின் கணக்கை 1870இல் வெளியிட்டார். புதிய முறைக்கு முன் உறுப்பு துண்டிக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறைக்குப் பின் 40 பேரில் 6 பேர். இத்தனைக்கும் எதிர்ப்பு குறையவில்லை. கண்ணால் காணாத கிருமியை நம்பப் பலர் மறுத்தனர். வலியிலிருந்து உலகை விடுவித்த சிம்ப்சனே லிஸ்டரை எதிர்த்தவர்களில் முதல்வர். கார்பாலிக் அமிலம் புதிதன்று, பிரான்சில் முன்பே பயன்பட்டது என்பது அவர் வாதம். மயக்கமும் கிருமித் தடுப்பும் ஒன்றுக்கொன்று துணையாக வேண்டியவை. அவற்றைத் தந்த இருவர் எதிரெதிரே நின்றது வரலாற்றின் வேடிக்கை.

லிஸ்டர் வாதத்தில் பெரிய வல்லவர் அல்லர். தொடர்ந்து செய்து காட்டினார். 1869இல் எடின்பரோவுக்கும் 1877இல் லண்டன் கிங்ஸ் காலேஜுக்கும் மாறினார். 1871இல் விக்டோரியா அரசியாரின் அக்குள் கட்டியை அறுத்துக் குணப்படுத்தினார். காயத்திற்குள்ளேயே கரைந்துவிடும் குடல் நூலைத் தையலுக்கு ஏற்றதாக்கினார். அறையெங்கும் கார்பாலிக் புகையைத் தெளிக்கும் கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார். அது தேவையற்றது, காற்றைவிடக் கையும் கருவியும் துணியுமே முக்கியம் என்று தெரிந்ததும், 1890இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் அதைக் கைவிட்டதைத் தாமே வெளிப்படையாக அறிவித்தார்.

எலும்புக் காசநோயால் வாடிய பிள்ளைகள் பலர் அவருடைய வார்டுகளில் மாதக் கணக்கில் கிடந்தனர். ஒரு சிறுமி கால் பிய்ந்துபோன தன் பொம்மையை நீட்ட, நூலும் ஊசியும் வரவழைத்து அதன் காலை அவர் தைத்துக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்கி வருகிறது.

1893இல் இத்தாலியில் ஏக்னஸ் நிமோனியாவால் இறந்தார். அதன்பின் லிஸ்டரின் உற்சாகம் குன்றியது. பெருமைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. 1895 முதல் 1900 வரை அரச கழகத்தின் தலைவராக இருந்தார். 1897இல் பிரபு பட்டம் பெற்றார். 1912 பிப்ரவரி 10ஆம் நாள் கென்ட் மாவட்டத்து வால்மர் ஊரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இடம் இருந்தும், அவர் உடல் மனைவியின் அருகில் வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

லிஸ்டர் அறியாத பக்கம்

லிஸ்டருக்குக் கிருமி வெளியிலிருந்து வரும் பகை. அதை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்றார். இன்றைய மருத்துவம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறது. மயக்கத்தில் கிடக்கும் உடல் அந்தப் பகையைச் சந்திக்கும் நிலையில் இருக்கிறதா?

முதலில் உடல் வெப்பம். முழு மயக்கத்தில் உடல் நடுங்கிச் சூடு உண்டாக்க இயலாது. இரத்தக் குழாய்கள் விரிவதால் உள்வெப்பம் தோலுக்குப் பரவி வெளியேறுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே வெப்பநிலை 1 பாகைக்கு மேல் குறையலாம். குளிர்ந்த உடலில் காயத்திற்குச் செல்லும் இரத்தமும் உயிர்வளியும் குறைகின்றன. வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்க அந்த உயிர்வளி தேவை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெருங்குடல் அறுவை செய்யப்பட்ட 200 பேரில், உடல் குளிரவிடப்பட்டவர்களில் 19 விழுக்காட்டினருக்கும், சூடாக வைக்கப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. அந்த ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. எனினும் குழந்தையின் எடையோடு ஒப்பிட அதன் தோல் பரப்பு அதிகம். ஆகவே அது பெரியவர்களைவிட விரைவில் குளிர்ந்துவிடும். சூடான காற்று ஊதும் போர்வையால் குழந்தையைப் போர்த்துவது வெறும் வசதிக்காக மட்டும் அன்று.

அடுத்து நேரம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படும் அறுவைகளில், கத்தி வைக்கும்போதே அம்மருந்து இரத்தத்தில் இருக்க வேண்டும். கடந்த 60 நிமிடத்திற்குள் அது கொடுக்கப்பட்டதா என்று கேட்கும் வரியை உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் காணலாம். பெரும்பாலும் அதைச் செலுத்துபவர் மயக்கவியல் மருத்துவர்தான்.

பிறகு மூச்சுவழி. மயக்கத்தில் இருமல் வராது. சளியை வெளியேற்றும் நுண்மயிர்களின் அசைவும் தளர்கிறது. சளிக் காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு நேரும் வாய்ப்பு கூடுகிறது. சில மயக்க மருந்துகள் வெள்ளணுக்களின் வேகத்தைக் குறைப்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். அது நலமான பிள்ளையை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

இறுதியாக மருந்தே. இன்று பரவலாகப் பயன்படும் புரோபஃபோல் என்ற மயக்க மருந்து பார்ப்பதற்குப் பால் போன்றது. அதில் கொழுப்பு கலந்திருப்பதால் கிருமிகள் அதில் எளிதில் பெருகும். 1990 முதல் 1993 வரை அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின் ஏற்பட்ட தொற்றுகளை ஆராய்ந்தபோது, அம்மருந்தைத் தூய்மையின்றிக் கையாண்டதே காரணம் என்று தெரிய வந்தது. லிஸ்டர் 1870களில் புளித்த பாலை மீண்டும் மீண்டும் நீர்க்கச் செய்து, அதைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தவர். பால் போன்றதொரு மருந்து ஊசிக்குள் கெட்டுப்போகலாம் என்பதை நம்மில் யாரையும்விட அவர் விரைவில் புரிந்துகொண்டிருப்பார்.

நமக்கு என்ன பாடம்?

இன்று மருத்துவம் பயிலும் நம் நண்பர்கள் மயக்கவியலை ஒரு துறையாகவும், தொற்றுத் தடுப்பை வேறொரு துறையாகவும் படிக்கிறார்கள். நோயாளியின் உடலுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. தூங்க வைக்கும் கையே காயத்தையும் காக்கும் கை.

மருத்துவம் பயிலாத நமக்கும் இதில் வேலை உண்டு. தம்பி தங்கைக்கோ அக்காள் பிள்ளைக்கோ அறுவை என்றால், தேதி தள்ளிப்போய்விடுமே என்று அஞ்சிச் சளியையும் காய்ச்சலையும் மறைக்க வேண்டாம். மயக்கவியல் மருத்துவர் கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வோம். கையைக் கழுவிவிட்டே பிள்ளையைத் தொடுவோம். பிள்ளை கண் விழித்ததும் மகிழ்வோம். ஆனால் காயம் சிவக்கிறதா, காய்ச்சல் வருகிறதா என்று அதன் பின்னும் பார்த்துக்கொண்டே இருப்போம். நான்காம் நாள் கட்டைப் பிரித்த லிஸ்டர் அந்தச் சிறுவனின் காலில் தேடியதும் அதைத்தான்.